இணையத்தில் பழைய கார் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க: பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்ட கேள்விகள்

பெங்களூரில் வாகனக் காப்பீட்டுத் துறையில் வேலை பார்ப்பதாலும், அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை பரவியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் பழைய கார் வாங்குமுன் என்னை அழைத்துப் பேசுவதாலும், ஒரே மாதிரியான ஐயங்கள் திரும்பத் திரும்ப என் காதில் விழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் அடிப்படையாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) உள்ள பெயர், வண்டியை நேரில் காட்டுகிறவரின் பெயர், பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கின் பெயர் ஆகிய மூன்றும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். என் கவனத்துக்கு வந்த மோசடிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்று விலகிய இடத்தில்தான் நடந்தன. கீழே 'மூன்று பெயர்' என்று சொல்லும் இடங்களில் இதையே குறிக்கிறேன்.

விளம்பரத்தைப் பார்த்த உடனேயே இது ஏமாத்து வேலைன்னு சொல்லிட முடியுமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகப்பட வேண்டியவற்றை ஒதுக்கிவைக்க முடியும். அதே மாடல், அதே ஆண்டு, ஏறத்தாழ அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிகளின் விளம்பரங்களைப் பத்துப் பதினைந்து பார்த்தால் பெங்களூர்ச் சந்தை விலை பிடிபட்டுவிடும். அந்த விலையில் பாதிக்கும் முக்கால் பங்குக்கும் இடையில் ஒருவர் நல்ல வண்டியைத் தருவதாகச் சொன்னால், அதற்கான காரணத்தை அவர்தான் விளக்க வேண்டும். 'வெளிநாடு போகிறேன்', 'அவசரப் பணத் தேவை' என்பவை காரணங்களே அல்ல. நல்ல வண்டியை அவசரமாக விற்க நினைப்பவருக்கு, ஒரே நாளில் நியாயமான விலை தரும் வியாபாரிகள் இந்த ஊரில் ஏராளமாக இருக்கிறார்கள்.

படங்களையும் உற்றுப் பாருங்கள். நம்பர் பிளேட்டை மறைத்திருப்பது மட்டுமே மோசடிக்கு அடையாளமாகாது; நேர்மையானவர்களும் மறைக்கிறார்கள். ஆனால் கேட்ட பிறகும் எண்ணைத் தராமல் 'முதலில் அட்வான்ஸ் அனுப்புங்கள்' என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால், அதே கார் வேறொரு ஊரில் வேறொரு பெயரில் விற்பனைக்கு இருப்பது சில நேரங்களில் வெளிப்பட்டுவிடும்.

வண்டி நம்பர் கிடைச்சாச்சு. அதை வெச்சு என்னென்ன தெரிஞ்சுக்கலாம்?

மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்திலோ எம்பரிவாஹன் செயலியிலோ எண்ணைக் கொடுத்தால், பதிவு செய்த நாள், பதிவு செய்த ஆர்டிஓ, எத்தனையாவது உரிமையாளர், எரிபொருள், காப்பீடு எப்போது முடிகிறது, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) எதுவரை இருக்கிறது, கடன் அடமானம் உண்டா என்பன போன்ற விவரங்கள் தெரியும். உரிமையாளரின் பெயரில் சில எழுத்துகள் மட்டுமே தெரியும். அந்தச் சில எழுத்துகளும் விற்பவர் சொல்லும் பெயரோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். விளம்பரத்தில் 'ஃபர்ஸ்ட் ஓனர்' என்று போட்டிருக்கும் வண்டி அங்கே மூன்றாம் உரிமையாளரிடம் இருப்பதை நானே பலமுறை கண்டிருக்கிறேன்.

போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதைப் பெங்களூர்ப் போக்குவரத்துக் காவல்துறையின் இணையதளத்தில் தனியாகப் பாருங்கள். கேமராக்கள் பெருகிவிட்ட இந்த நகரத்தில், உரிமையாளருக்கே தெரியாமல் அபராதம் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 2023 பிப்ரவரியிலும் 2025 ஆகஸ்டிலும் கர்நாடக அரசு பாதித் தள்ளுபடி கொடுத்து வசூலிக்கும் அளவுக்குப் பாக்கிகள் குவிந்திருந்தன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் பதிவு எண்ணையோ சேஸிஸ் எண்ணையோ கொடுத்தால், திருட்டுப் புகார் பதிவான வண்டியா என்பதையும் அறியலாம்.

ஆர்மியில இருக்கேன், டிரான்ஸ்பர் ஆயிடுச்சு, கார் ஏர்போர்ட் பார்க்கிங்ல நிக்குதுன்னு ஒருத்தர் சொல்றார். ஐடி கார்டு கூட அனுப்பினார். நம்பலாமா?

நம்ப வேண்டாம். இந்தக் கதை பல ஆண்டுகளாகச் சொல்லெதுவும் மாறாமல் சுற்றிவருகிறது. ராணுவம் அல்லது சிஐஎஸ்எஃப் வீரர் என்று ஒருவர் பேசுவார். தேவனஹள்ளி விமான நிலையத்தில் பணி என்பார். மாற்றல் வந்துவிட்டதால் குறைந்த விலைக்கு விற்பதாகச் சொல்வார். அடையாள அட்டை, கேன்டீன் அட்டை, சீருடைப் படம் என்று கேட்காமலேயே எல்லாம் வரும். அவை வேறொரு வீரரிடம் ஏமாற்றிப் பெற்ற படங்களாகவோ போலியாகத் தயாரித்தவையாகவோ இருக்கும். நாட்டுக்காக உழைப்பவர்கள் மேல் நமக்கு இருக்கும் மரியாதையையே மூலதனமாக்கிக் கொள்வதால்தான் இந்த மோசடி எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்குகிறது.

அடுத்த கட்டமும் மாறுவதில்லை. வண்டியை ராணுவப் போக்குவரத்து மூலம் உங்கள் வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்லி, ஒரு சிறிய தொகையைக் கேட்பார்கள். அது கிடைத்ததும் ஜிஎஸ்டி, கேட் பாஸ், காப்பீட்டு வைப்புத்தொகை என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாமே 'திரும்பக் கிடைக்கும்' பணம் என்பார்கள். தனிநபர் ஒருவர் தம் சொந்தக் காரை இன்னொரு தனிநபருக்கு விற்கும்போது ஜிஎஸ்டி கிடையாது. படைவீரர்களும் மற்றவர்களைப் போலத்தான் வண்டியை நேரில் காட்டி, கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள். பார்க்க முடியாத வண்டிக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

நல்ல வண்டி, நாலு பேர் கேக்கறாங்க, 5,000 டோக்கன் போட்டா ஹோல்ட் பண்றேங்கிறார். சின்னத் தொகைதானே?

தொகை சிறியதாக இருப்பதுதான் அதன் சூட்சுமம். 5,000 ரூபாய்க்காகக் காவல் நிலையம் போகிறவர்கள் குறைவு என்பது அவர்களுக்குத் தெரியும். அதே வண்டிக்கு இருபது பேரிடம் டோக்கன் வாங்கிய பிறகு எண்ணை அணைத்துவிடுவார்கள். வண்டியையும் அசல் ஆவணங்களையும் நேரில் பார்த்த பிறகு டோக்கன் கொடுப்பதில் தவறில்லை. அப்போதும் வண்டி எண், மொத்த விலை, எத்தனை நாளுக்கு வண்டி நிறுத்திவைக்கப்படும், கடனோ பெரிய பழுதோ தெரியவந்தால் டோக்கன் திரும்பக் கிடைக்கும் என்பவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தொகையைப் பதிவு உரிமையாளரின் கணக்குக்கே அனுப்புங்கள்.

நான் என் காரை விக்கப் போட்டிருக்கேன். வாங்குறவர் அட்வான்ஸ் அனுப்ப க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்றார். பண்ணலாமா?

கூடாது. உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ தேவையில்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறும். தனிநபர்களுக்கிடையே 'பணம் கொடு' என்று கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டதால், இப்போது க்யூஆர் கோட்டையும் திரைப் பகிர்வுச் செயலிகளையும்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். 'பணம் வரவு வைக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தியையும் நம்பாதீர்கள். வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

காரை நேர்ல பார்த்தேன், ஓட்டிப் பார்த்தேன், பேப்பர் எல்லாம் சரியா இருந்துச்சு. ஆனாலும் ஏமாந்துட்டேன். எப்படி சார்?

எச்சரிக்கையானவர்களையும் விழவைப்பது இந்த மோசடிதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கம்மனஹள்ளியில் ஒருவர் தம் காரை 6 லட்சத்துக்கு விற்க விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மோசடிக்காரர் அவரை அழைத்து, விலையைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொள்கிறார். படங்களையும் ஆர்சியின் நகலையும் வாங்கிக்கொண்டு, அதே காரை 4.5 லட்சத்துக்குத் தம் பெயரில் வேறொரு தளத்தில் விளம்பரம் செய்கிறார். நீங்கள் அந்த விளம்பரத்தைப் பார்த்து அழைக்கிறீர்கள்.

இப்போது நடுவில் இருப்பவர் இரு பக்கமும் பொய் சொல்கிறார். உண்மையான உரிமையாளரிடம், 'என் மைத்துனர் வண்டியைப் பார்க்க வருவார், அவருக்கு நான் பணம் தர வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது, அதனால் அவரிடம் விலையைப் பேசாதீர்கள்' என்கிறார். உங்களிடம், 'என் அண்ணன்தான் வண்டியைக் காட்டுவார், விலை விஷயம் அவருக்குத் தெரியாது, தெரிந்தால் சண்டையாகிவிடும்' என்கிறார். நீங்கள் போகிறீர்கள், வண்டி உண்மையானது, உரிமையாளர் உண்மையானவர், ஆவணங்களும் உண்மையானவை. மனம் நிறைந்து, தொலைபேசியில் இருப்பவர் சொன்ன கணக்குக்கு 4.5 லட்சம் அனுப்புகிறீர்கள். சாவியைக் கேட்டதும் உரிமையாளர், 'எனக்கு இன்னும் பணம் வரவில்லையே' என்கிறார். அந்த நேரத்தில் தொலைபேசி அணைந்திருக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் மோசடிக்காரர் என்று நினைத்துக் காவல் நிலையத்தில் போய் நிற்பதுதான் இதில் கொடுமை.

தடுக்கும் வழி எளிது. வண்டியைக் காட்டுகிறவரிடம் நேருக்கு நேர், 'இந்த வண்டியை என்ன விலைக்குத் தருகிறீர்கள், பணத்தை உங்கள் கணக்கில்தானே போட வேண்டும்?' என்று உரக்கக் கேளுங்கள். 'விலை பேசாதீர்கள்' என்று யார் சொன்னாலும், அதுவே உங்களுக்கான எச்சரிக்கை. முன்னுரையில் சொன்ன மூன்று பெயரில், மூன்றாவது பெயர் இங்கே விலகியிருக்கிறது.

ஆர்சி ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு பார்த்து சொல்ல முடியுமா?

அட்டையை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம், போலிகள் அவ்வளவு நேர்த்தியாக வருகின்றன. அட்டையை மூன்று இடங்களோடு ஒப்பிடுங்கள்: பரிவாஹன் விவரம், விற்பவர் உங்கள் முன்னால் தம் கைபேசியில் திறந்து காட்டும் டிஜிலாக்கர் (அரசின் மின்னாவணச் செயலி) ஆர்சி, வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண். டிஜிலாக்கர் ஆர்சியைத் திறக்கத் தயங்குகிறவர் உரிமையாளராக இல்லாமல் இருக்கக்கூடும்.

சேஸிஸ் எண் 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. மாருதி என்றால் பெரும்பாலும் எம்ஏ3 என்றும், ஹூண்டாய் என்றால் எம்ஏஎல் என்றும், டாடா என்றால் எம்ஏடி என்றும் தொடங்கும். அந்த எண் பொறித்த தகட்டைச் சுற்றிப் புதிய பெயின்ட், வெல்டிங் தழும்பு, ஏற்ற இறக்கமான எழுத்துகள் தெரிந்தால் விலகிவிடுங்கள். அட்டையில் 'டூப்ளிகேட்' என்று குறிப்பு இருந்தால், அசல் எங்கே போனது என்று கேளுங்கள். அசலைத் தனியார் ஃபைனான்ஸில் அடகு வைத்துவிட்டு, தொலைந்ததாகச் சொல்லி நகல் வாங்குகிறவர்கள் உண்டு.

வண்டி மேல லோன் இருக்குங்கிறார். நான் பணம் கொடுத்தா அவர் கட்டி முடிச்சு என்ஓசி தந்துடுவாராம். சரியா?

வழி சரிதான், வரிசை தவறு. கடன் கொடுத்தவரின் ஒப்புதல் இல்லாமல் ஆர்டிஓ பெயர் மாற்றம் செய்யாது. விற்பவர் உங்கள் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிட்டால், வண்டி உங்கள் வாசலில் நின்றாலும் வங்கியின் ஆட்கள் அதை எடுத்துச் செல்ல உரிமை பெற்றிருப்பார்கள்.

ஆகவே விற்பவரோடு வங்கிக் கிளைக்கே போங்கள். அன்றைய தேதியில் கடனை முடிக்க எவ்வளவு வேண்டும் என்ற கடிதத்தை வாங்கி, அந்தத் தொகையை நேரடியாகக் கடன் கணக்கில் செலுத்துங்கள். மீதியை மட்டும் விற்பவருக்குக் கொடுங்கள். வங்கி தரும் தடையின்மைச் சான்றும் (என்ஓசி) அடமானத்தை நீக்குவதற்கான படிவம் 35-உம் கைக்கு வந்து, ஆர்சியில் அடமானக் குறிப்பு நீங்கியது பரிவாஹனில் தெரிந்த பிறகே கணக்கை முழுதாக முடியுங்கள். 'ஹெச்பி கேன்சல் ஆயிடுச்சு, ஆன்லைன்ல மட்டும் அப்டேட் ஆகலை' என்பது நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம்; ஹெச்பி என்பது இந்த அடமானக் குறிப்புதான். அப்டேட் ஆகும்வரை ஒரு பகுதிப் பணத்தை நிறுத்திவையுங்கள்.

ஓனர் ஊர்ல இல்லை, ஆனா 29, 30 படிவத்துல கையெழுத்து போட்டு வெச்சிருக்கார்ன்னு கன்சல்டிங்காரர் சொல்றார்.

29, 30 என்பவை பெயர் மாற்றத்துக்கான படிவங்கள்; கன்சல்டிங்காரர் என்பவர் பழைய வண்டித் தரகர். இப்படி வரும் தாளை 'ஓபன் பேப்பர்' என்பார்கள். வாங்குபவர் பெயர் எழுதப்படாமல் கையெழுத்து மட்டும் இருக்கும் தாள், எத்தனை கை மாறி வந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. பெயர் மாற்றத்தின்போது பதிவு உரிமையாளரின் கைபேசிக்கு ஓடிபி போகக்கூடும். அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். உரிமையாளரோடு காணொளியிலாவது பேசி, அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி, விலையை அவர் வாயால் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உரிமையாளர் இறந்துவிட்டதாகச் சொன்னால் பாதை வேறு. வாரிசு முதலில் படிவம் 31 மூலம் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகு உங்களுக்கு விற்க வேண்டும். இறந்தவரின் பழைய கையெழுத்தோடு வரும் படிவத்தைத் தொடவே தொடாதீர்கள்.

2018 வண்டி, 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்குன்னு மீட்டர் காட்டுது. நம்பறதா வேண்டாமா?

மீட்டரை மாற்றுவதற்கு இன்று கருவி ஒன்று போதும், சில நிமிட வேலை. எனவே மீட்டர் சொல்வதை வண்டியின் மற்ற பாகங்களிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. 28,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் நான்கு டயர்களும் 2022-இல் தயாரானவை என்றால், முதல் டயர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்தன? கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர் வழவழப்பாகி ஓரம் தேய்ந்திருப்பதையும், ஸ்டியரிங்கின் மேல் பகுதியும் கியர் தலையும் பளபளத்திருப்பதையும், ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்கம் அமுங்கியிருப்பதையும் பாருங்கள். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்துவந்தால், வண்டி ஒரு லட்சத்தை நெருங்கிய வண்டி என்று கொள்ளலாம்.

அதைவிட உறுதியான சான்று சர்வீஸ் பதிவு. விற்பவரை அழைத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய், ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டரைக் கேளுங்கள். மூன்றாண்டுகளுக்கு முன் 61,000 என்று பதிவான வண்டி இப்போது 28,000 காட்டினால் பேச்சுக்கே இடமில்லை. 'வெளியில் மெக்கானிக்கிடம் விட்டேன், பில் இல்லை' என்பவர் உண்மையே சொல்லலாம். அப்படியானால் கிலோமீட்டர் குறைவு என்பதற்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

வெள்ளத்துல மூழ்கின வண்டியா, இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

2022 செப்டம்பரில் பெல்லந்தூர், ஏமலூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகளில் அடித்தள வாகன நிறுத்தங்கள் நிரம்பி எத்தனையோ கார்கள் மூழ்கின. சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதுவே நடந்தது. பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பாகக் கணக்கிட்டு மதிப்பைக் கொடுத்துவிடும். மிச்சமிருக்கும் வண்டி ஏலத்தில் போகும். அதைச் சுத்தம் செய்து வேறு ஊரில் விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

சீட் பெல்ட்டை முழுவதுமாக, சுருளின் கடைசிவரை வெளியே இழுங்கள். யாரும் கழுவாத அந்தக் கடைசிச் சாண் நீளத்தில் காய்ந்த சேற்றின் கோடு படிந்திருந்தால், தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை அதுவே சொல்லிவிடும். இருக்கையின் கீழே உள்ள தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்பைத் தூக்கினால் நைந்த நுரைப்பஞ்சு, ஸ்டெப்னி குழியின் மூலையில் மணல், முகப்பு விளக்கினுள் நீர்த்தடம் ஆகியவற்றையும் தேடுங்கள். கார் கதவைத் திறந்ததும் அளவுக்கு மீறிய வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால், ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு மறுபடி முகர்ந்து பாருங்கள். ஈரத் துணியின் நாற்றம் வெளிவந்துவிடும்.

என் துறையிலிருந்து இன்னொரு குறிப்பு. காப்பீட்டு ஆவணத்தில் 'நோ கிளெய்ம் போனஸ்' (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். ஆறேழு ஆண்டுப் பழைய வண்டிக்கு அது சுழியமாக இருந்தால், சென்ற ஆண்டு ஏதோ ஒரு கிளெய்ம் நடந்திருக்கிறது, அல்லது காப்பீடு இடையில் அறுந்திருக்கிறது, அல்லது வண்டி அண்மையில் கை மாறியிருக்கிறது. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெள்ளை போர்டுதான். ஆனா முன்னாடி டாக்ஸியா ஓடியிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு.

பெங்களூரில் நியாயமான சந்தேகம்தான். மஞ்சள் போர்டு வண்டியைச் சட்டப்படி தனியார் வண்டியாக மாற்ற முடியும். மறைத்து விற்பதுதான் தவறு. செடான் வகையின் அடிப்படை மாடல் டீசலாக இருப்பது, பின்னிருக்கை முன்னிருக்கையைவிட அதிகம் தேய்ந்திருப்பது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றிய ஒயர்த் தடம், வெள்ளைப் பூச்சின் அடியில் மஞ்சள் எட்டிப்பார்க்கும் நம்பர் பிளேட் ஆகியவை அறிகுறிகள். பழைய காப்பீட்டு ஆவணங்களைக் கேட்டால் வண்டி எந்த வகையில் காப்பீடு செய்யப்பட்டிருந்தது என்பது எழுத்திலேயே இருக்கும்.

டெல்லி வண்டி, இல்லைன்னா ஓசூர் வண்டி சீப்பா கிடைக்குதே, வாங்கலாமா?

வாங்கலாம், முழுச் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகு. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த கட்டுப்பாட்டால், அங்கே வயதான வண்டிகளின் விலை சரிந்தது. இங்கே கொண்டுவர அந்த ஆர்டிஓவின் தடையின்மைச் சான்று படிவம் 28-இல் வேண்டும். அது கையில் இல்லாமல் 'பின்னால் வரும்' என்று சொல்லப்படும் வண்டி, பெரும்பாலும் பின்னாலேயே நின்றுவிடும்.

டிஎன் 70 என்று தொடங்கும் ஓசூர் வண்டிக்கும் இதே நடைமுறைதான். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும். கர்நாடகத்தில் புதிய காருக்கான ஆயுட்கால வரி விலையைப் பொறுத்து 13 முதல் 18 விழுக்காடும் அதன் மேல் செஸ்ஸும் என்பதால், வண்டியின் வயதுக்கேற்பக் குறைந்தாலும் அது கணிசமான தொகைதான். 'டாக்ஸ் எல்லாம் கட்டியாச்சு' என்று விற்பவர் சொன்னால், எந்த மாநிலத்துக்கு என்று கேளுங்கள்.

பெரிய கம்பெனி ஆப்ல வாங்கினா இந்தத் தலைவலி எதுவும் இல்லைதானே?

பணத்தோடு ஓடிவிடும் ஆபத்து குறைகிறது. வண்டியைப் பற்றிய ஆபத்து முழுவதும் நீங்குவதில்லை. ஆய்வு அறிக்கை தயாரிப்பவரும் விற்பவரும் ஒரே தரப்பு என்பதை மறக்காமல், நீங்கள் நம்பும் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிமையாளர் வண்டியை வியாபாரியிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி வழியே பதிவுசெய்யவும் அதில் வழி உண்டு. சாலையோரக் கடையாக இருந்தாலும் அந்தச் சான்றைக் கேட்பது உங்கள் உரிமை. அப்படிப்பட்ட வியாபாரியிடம் வாங்கும்போது மட்டும் பணம் உரிமையாளருக்குப் போகாமல் நிறுவனத்தின் கணக்குக்குப் போகலாம்; ரசீதும் அதே பெயரில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி அழைக்காதீர்கள். பிரபல நிறுவனங்களின் பெயரில் போலி எண்களும் போலித் தளங்களும் அங்கே விளம்பரமாகவே வருகின்றன. செயலியின் உள்ளே இருக்கும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒரு சாவிதான் இருக்கு, இன்னொண்ணு தொலைஞ்சு போச்சாம். அதுல என்ன?

வண்டியை விற்று, அதிலேயே ஒளித்துவைத்த ஜிபிஎஸ் கருவியால் இடம் கண்டுபிடித்து, இரண்டாவது சாவியால் திருடிச் செல்லும் கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. செல்ஃப் டிரைவ் வாடகைக்கு எடுத்த காரைப் போலி ஆவணத்தோடு விற்பவர்களிடமும் பெரும்பாலும் ஒரே சாவிதான் இருக்கும். எல்லா நேரமும் அப்படி இல்லை. உண்மையாகவே தொலைத்தவர்களும் உண்டு. வாங்குவதானால் சர்வீஸ் சென்டரில் பழைய சாவியின் குறியீட்டை நீக்கிப் புதிதாகப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டின் அடியிலும் பேட்டரி அருகிலும் கூடுதல் ஒயர் ஓடுகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியா இருக்கு. பணத்தை எப்போ, எப்படிக் கொடுக்கணும்?

வங்கி வழியாக, உரிமையாளரின் கணக்குக்கு. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடைசெய்கிறது. 'பாதி கேஷ்' என்று கேட்பவரிடம் இதையே சொல்லுங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் மூலம் அனுப்பும்போது கணக்கு வைத்திருப்பவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதி 2025 ஏப்ரல் முதல் வங்கிகளில் வந்திருக்கிறது. திரையில் தெரியும் பெயரை ஆர்சியோடு ஒப்பிட்ட பிறகே 'அனுப்பு' என்பதை அழுத்துங்கள். மூன்று பெயர் என்று சொன்னதைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் வேறில்லை.

அதே நாளில் படிவம் 29-இன் இரண்டு பிரதிகள், படிவம் 30, விற்பவரின் அடையாளச் சான்று நகல், அசல் ஆர்சி, காப்பீடு, மாசுச் சான்று, சாவிகள் ஆகியவற்றை வாங்குங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். மாலை 5.40-க்கு வண்டி கை மாறியது என்று இருந்தால், அதற்கு முன் நடந்த விபத்துக்கோ அபராதத்துக்கோ நீங்கள் பொறுப்பில்லை என்று காட்ட உதவும்.

பேர் மாத்தறதை கொஞ்ச நாள் தள்ளிப் போட்டா என்ன ஆகும்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். விற்பவருக்குத்தான் இதில் பெரிய ஆபத்து. வண்டி பல கை மாறியிருந்தாலும், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் பெயருள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாங்குபவருக்கு ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. மூன்றாம் தரப்புக் காப்பீடு வண்டியோடு உங்களிடம் வந்துவிடும். உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி, 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து உங்கள் பெயருக்கு மாற்றினால்தான் கைகொடுக்கும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் சிறு தொகை கூடுதலாகக் கட்ட நேரும். அவருடைய ஃபாஸ்டேகையும் அப்போதே நீக்கச் சொல்லுங்கள்.

பணம் போயிடுச்சு. இனிமே என்ன செய்றது?

உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ அவ்வளவுக்கு, பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் முடக்கும் வாய்ப்பு இருக்கிறது. பரிவர்த்தனை எண், தொகை, நேரம், பணம் போன கணக்கு ஆகியவை கையில் இருக்கட்டும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு உங்கள் பகுதிக்கான சிஇஎன் (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கான) காவல் நிலையத்துக்குப் போங்கள். கன்னடம் பேச வராது என்பதற்காகத் தயங்க வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கலாம். விளம்பரத்தின் திரைப்பதிவு, உரையாடல், அழைப்பு எண்கள் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் அந்த எண்ணைத் திட்டிச் செய்தி அனுப்பி, அவர் எல்லாவற்றையும் அழிக்க நேரம் கொடுக்காதீர்கள்.

புகார் கொடுத்து ரெண்டு வாரம் ஆச்சு. இப்போ ஒருத்தர் சைபர் செல்லிலிருந்து பேசறேன், பணம் மீட்டாச்சு, ப்ராசஸிங் ஃபீஸ் கட்டுங்கன்னு சொல்றார்.

அது இரண்டாவது மோசடி. முதலில் ஏமாற்றியவர்களே, அல்லது அவர்களிடமிருந்து உங்கள் எண்ணை வாங்கியவர்கள், பணம் இழந்தவரின் பதற்றத்தைக் குறிவைத்து இப்படி அழைக்கிறார்கள். முடக்கப்பட்ட பணத்தைத் திருப்பித் தரக் காவல்துறை கட்டணம் வாங்குவதில்லை. அது நீதிமன்ற உத்தரவின் பேரிலோ வங்கி நடைமுறையின்படியோ உங்கள் கணக்குக்கே வரும். அழைத்த எண்ணை உங்கள் பழைய புகார் எண்ணோடு சேர்த்து அதே காவல் நிலையத்தில் கொடுங்கள். புதிய தடயம் கிடைத்தால் விசாரணைக்கும் அது உதவும்.